“என்று” இல்லாத மொழியில் மேற்கோள் குறி: ஆங்கிலத்தில் பிழையில்லாமல் போட ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை, டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) முடிந்து கையெழுத்துத் தாளை மடித்துக்கொண்டிருந்தபோது மேலாளர் கூப்பிட்டார். அவர் கையில் வெள்ளிக்கிழமை நான் எழுதிக் கொடுத்த நியர்மிஸ் அறிக்கை, அதாவது நடக்க இருந்து தப்பிய விபத்தைப் பற்றியது. “சோ யூ நெவர் செக் தி பெல்ட் ஆ?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதுகாப்பு பெல்ட்டைப் பார்க்காமல் ஏணியில் ஏறியது மணி (பெயரை மாற்றியிருக்கிறேன்). அவனே வந்து, “அண்ணே, பெல்ட்டை நான் பார்க்கல” என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னான், நானும் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியது இது:

மணி டோல்ட் தட் ஐ டிட் நாட் செக் தி பெல்ட்.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு குறையும் தெரியாது. “நான் பெல்ட்டைப் பார்க்கவில்லை என்று மணி சொன்னான்”, அவ்வளவுதானே? ஆனால் ஆங்கிலத்தில் அந்த “ஐ” மணி இல்லை, அறிக்கை எழுதிய நான். சேஃப்டி வேலை பார்க்கிறவனே பெல்ட்டைச் சோதிக்கவில்லை என்று மணி புகார் சொன்னதாக அந்த வாக்கியம் மாறிவிட்டது. இரண்டு குட்டிக் குறிகளைப் போட்டிருந்தால் என் திங்கட்கிழமை நிம்மதியாகப் போயிருக்கும்.

அன்றைக்கு ஆரம்பித்து, வீட்டில் மகளின் தொடக்கநிலை 6 (இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டு) கட்டுரைகளையும் வேலையிடத்தில் மற்றவர்களின் அறிக்கைகளையும் திருத்தித் திருத்தி நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உதாரணங்களுக்கு ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். படிக்கும்போது கண் சொல்லில் நிற்காமல் குறி எங்கே விழுகிறது என்று பார்க்கட்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் தமிழ் எழுத்தில் தெரியாது, அதனால் அது முக்கியமான இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பேசுவது யார் குரல் என்று முடிவு செய்யுங்கள்

நமக்கு ஏன் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது? தமிழில் மேற்கோளை மூடும் வேலையை “என்று” என்ற சொல்லே செய்துவிடுகிறது. ஓலைச்சுவடிகளில் நிறுத்தற்குறியே கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள், ஆனாலும் யார் என்ன சொன்னார் என்பதில் குழப்பம் வரவில்லை. பேச்சு முடிந்தது என்று காதுக்குச் சொல்ல “என்று”, “என”, “என்றான்” எல்லாம் இருந்தன. குறிகள் அச்சுப் புத்தகத்தோடு வந்த விருந்தாளிகள். ஆங்கிலத்தில் அப்படி ஒரு மூடும் சொல் இல்லை. அவர்களின் “தட்” பேச்சுக்கு முன்னால் வந்து நிற்கிறதே தவிர எங்கே முடிகிறது என்று காட்டாது, அதோடு “தட்” போட்டுவிட்டால் வாக்கியத்தில் உள்ள நான், நீ, இன்று, நாளை எல்லாமே எழுதுகிறவரின் கணக்கில் போய்விடும்.

ஆகவே, குறியைத் தொடும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அவர் வாயிலிருந்து வந்த சொற்களையே வைக்கப் போகிறேனா, இல்லை அவர் சொன்னதன் சாரத்தை என் சொற்களில் சொல்லப் போகிறேனா? பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று சொல்லிக்கொடுத்த அதே விஷயம்தான்.

நேர்க்கூற்று என்றால் குறி உண்டு, தட் இல்லை:
மணி செட், “ஐ டிட் நாட் செக் தி பெல்ட்.”

அயற்கூற்று என்றால் தட் வரலாம், குறி இல்லை, “ஐ” என்பது “ஹி” ஆகும், வினை ஒரு படி பின்னால் போகும்:
மணி செட் தட் ஹி ஹாட் நாட் செக்ட் தி பெல்ட்.

இரண்டையும் கலந்து, மணி செட் தட் “ஐ டிட் நாட் செக் தி பெல்ட்” என்று எழுதுவதுதான் நம்மவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை. என்று என்ற சொல்லைத் தட் ஆக மொழிபெயர்த்து, பாதுகாப்புக்குக் குறியையும் போட்டுவிடுகிறோம், லுங்கிக்கு மேல் பெல்ட் கட்டிய மாதிரி. இன்னொன்று, “டோல்ட்” போட்டால் யாரிடம் என்று உடனே சொல்ல வேண்டும்: டோல்ட் மீ, டோல்ட் தி சூப்பர்வைசர். யாரிடம் என்று சொல்ல விருப்பமில்லையா, “செட்” போட்டுவிட்டுப் போங்கள்.

பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில், சிந்தசிஸ் அண்ட் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்கிற பகுதியில், நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் கேள்வி வரும். அங்கே மாற வேண்டியவை பல, பிள்ளைகள் ஒன்றை மாற்றி இன்னொன்றை மறந்துவிடுவார்கள். டுடே என்பது தட் டே ஆகும், டுமாரோ என்பது தி நெக்ஸ்ட் டே, யெஸ்டர்டே என்பது தி டே பிஃபோர், ஹியர் என்பது தேர். கேள்வியாக இருந்தால் வாக்கியத்தின் வரிசையே திரும்பும், கேள்விக்குறியும் போய்விடும். “டிட் யூ லாக் தி கேட்?” தி கார்ட் ஆஸ்க்ட் மீ என்பது, தி கார்ட் ஆஸ்க்ட் மீ இஃப் ஐ ஹாட் லாக்ட் தி கேட் என்று முற்றுப்புள்ளியோடு முடியும். என் மகள் ஆறு மாதம் அந்தக் கடைசிக் கேள்விக்குறியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது படி: இரட்டையா ஒற்றையா

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இதற்குப் பெயர் இன்வர்டெட் காமாஸ். அமெரிக்கப் பாடநூலில் கொட்டேஷன் மார்க்ஸ். இரண்டும் ஒன்றுதான், தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

பிரிட்டிஷ் புத்தகப் பதிப்பாளர்கள் பலர் ஒற்றைக் குறியை முதலில் போட்டு, உள்ளே வரும் மேற்கோளுக்கு இரட்டையைப் போடுவார்கள். அமெரிக்கர்கள் நேர்மாறு, வெளியே இரட்டை, உள்ளே ஒற்றை. நாம் எழுத்துக்கூட்டலில் பிரிட்டிஷ் வழி நடந்தாலும், பள்ளிக் கட்டுரையிலும் அலுவலக எழுத்திலும் இங்கே இரட்டைக் குறிதான் வழக்கம். நான் இரட்டையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் டோன்ட், மணி’ஸ் போன்ற இடங்களில் வரும் மேற்கொம்பும் (அப்பாஸ்ட்ரஃபி) ஒற்றை மூடு குறியும் பார்வைக்கு ஒன்றே. ஒற்றையில் மேற்கோளைத் திறந்தால், நடுவில் வரும் கொம்பைப் பார்த்துப் பேச்சு முடிந்துவிட்டதோ என்று கண் ஒரு நொடி தடுமாறும்.

மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் இப்படி:
தி சூப்பர்வைசர் செட், “மணி டோல்ட் மீ, ‘ஐ டிட் நாட் செக் தி பெல்ட்.’ ”

முடிவில் ஒற்றையும் இரட்டையும் அடுத்தடுத்து வருவது சரிதான். மூன்று கொம்பு ஒட்டிக்கொண்டு அசிங்கமாக இருக்கிறதே என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு ஆவணம் முழுக்க அதையே வையுங்கள், முதல் பக்கம் ஒற்றை, மூன்றாம் பக்கம் இரட்டை என்று போனால் இரண்டு பேர் எழுதியது போல இருக்கும் (பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியதாகத்தான் இருக்கும், அதுவும் தெரிந்துவிடும்).

மூன்றாவது படி: காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி எந்தப் பக்கம்

இங்கேதான் நிதானம் தேவை. “ஷி செட்” என்பதை நாம் தமிழில் “என்றாள்” என்று கடைசியில் வைத்துவிடுவோம். ஆங்கிலத்தில் அது முன்னால், பின்னால், நடுவில் என்று மூன்று இடத்தில் உட்காரும், ஒவ்வோர் இடத்துக்கும் குறி வேறு.

முன்னால் வந்தால்: மை மதர் செட், “தி ரைஸ் இஸ் ரெடி.” செட் என்பதற்குப் பின் காற்புள்ளி, பேச்சின் முதல் எழுத்து பெரியது, முற்றுப்புள்ளி குறிக்கு உள்ளே. மூடியபின் வெளியே இன்னொரு புள்ளி வைக்க வேண்டாம்.

பின்னால் வந்தால்: “தி ரைஸ் இஸ் ரெடி,” மை மதர் செட். பேச்சு முடிந்துவிட்டதே என்று உள்ளே முற்றுப்புள்ளி வைக்கத் தோன்றும், வைக்கக்கூடாது, வாக்கியம் இன்னும் முடியவில்லை, அதனால் காற்புள்ளி. அந்தக் காற்புள்ளி குறிக்கு உள்ளே. அதன்பின் வரும் மை என்பதற்குச் சின்ன எழுத்து.

நடுவில் வந்தால் இரண்டு வகை. ஒரே வாக்கியத்தைப் பிளந்திருந்தால், “இஃப் இட் ரெயின்ஸ்,” ஷி செட், “டேக் தி பஸ்.” இரண்டாம் துண்டு சின்ன எழுத்தில் தொடங்கும், ஏனென்றால் அது அதே வாக்கியத்தின் மிச்சம். இரண்டு தனி வாக்கியமாக இருந்தால், “இட் இஸ் ரெயினிங்,” ஷி செட். “டேக் தி பஸ்.” இப்போது செட் என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி, டேக் என்பதற்குப் பெரிய எழுத்து. வித்தியாசம் புரியவில்லை என்றால் ஷி செட் இரண்டையும் விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துப் படியுங்கள், ஒரு வாக்கியமா இரண்டா என்பது தெரிந்துவிடும்.

பிள்ளைகள் செய்யும் ஒரு தவறு ஆசிரியர்களின் சிவப்புப் பேனாவுக்கு நிரந்தர வேலை கொடுக்கிறது. “ஐ ஆம் லேட்,” ஹி கிராப்ட் ஹிஸ் பேக். பையை எடுப்பது பேசும் செயல் கிடையாது. செட், ஆஸ்க்ட், ஷவுட்டட், விஸ்பர்ட் போன்ற வாயால் செய்யும் வினைகளோடுதான் காற்புள்ளி கைகோக்கும். கை கால் செய்யும் வேலை என்றால் பேச்சை முற்றுப்புள்ளியோடு முடித்து, அடுத்த வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்: “ஐ ஆம் லேட்.” ஹி கிராப்ட் ஹிஸ் பேக். சிரிப்பது, பெருமூச்சு விடுவது போன்றவை ரெண்டுங்கெட்டான். அவற்றையும் செயலாகவே வைத்துக்கொண்டால் மதிப்பெண் போகாது.

கேள்விக்குறியும் வியப்புக்குறியும் பொருளைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கும். கேள்வி அந்த ஆளுடையது என்றால் உள்ளே: “வேர் இஸ் யுவர் பாஸ்?” ஹி ஆஸ்க்ட். கேள்விக்குறியே போதும், கூடவே காற்புள்ளி வேண்டாம், ஹி என்பதற்குச் சின்ன எழுத்து (வோர்ட் தானாகப் பெரிய எழுத்தாக மாற்றிவிடும், கவனியுங்கள்). கேள்வி உங்களுடையது என்றால் வெளியே: டிட் ஹி ரியலி சே “ஐ ரிசைன்”? இரண்டு பேருமே கேட்கிறார்கள் என்றால் ஒன்று போதும், அது உள்ளே.

அப்புறம் இந்த அமெரிக்கா, பிரிட்டன் சண்டை. முழுப் பேச்சில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். ஒரு சொல்லையோ சொற்றொடரையோ மட்டும் எடுத்து வாக்கியத்தின் கடைசியில் வைக்கும்போதுதான் பிரிகிறார்கள். பிரிட்டிஷ் முறையில், புள்ளி மேற்கோளுக்குச் சொந்தமில்லை என்றால் வெளியே: ஹி கால்ட் இட் “எ ஸ்மால் மேட்டர்”. அமெரிக்க முறையில் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் எப்போதும் உள்ளே: ஹி கால்ட் இட் “எ ஸ்மால் மேட்டர்.” அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் இரண்டு முறையிலும் வெளியேதான். இங்கே பள்ளிப் பிள்ளைகள் பிரிட்டிஷ் வழியில் போகலாம். ஆனால் நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவில் இருந்து, அறிக்கை அங்கே போகிறது என்றால் அவர்கள் முறையில் எழுதிவிடுங்கள், இதற்காகவெல்லாம் மல்லுக்கு நிற்பது வீண்.

நான்காவது படி: உரையாடலை வரி பிரித்து எழுதுங்கள்

பேசுபவர் மாறினால் புதிய பத்தி. ஒரே ஒரு சொல் பேசினாலும் புதிய பத்திதான். பிள்ளைகள் காகிதத்தை மிச்சம் பிடிப்பது போல ஐந்து பேர் பேச்சையும் ஒரே பத்தியில் அடைத்துவிடுவார்கள். தேர்வில் மூன்று படங்களைக் கொடுத்துக் குறைந்தது 150 சொல்லில் கட்டுரை கேட்கிறார்கள், அதில் உரையாடல் இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் போதும். “ஹலோ,” “ஹலோ,” “ஹவ் ஆர் யூ?” என்று தொலைபேசியில் பேசுவது மாதிரி நிரப்பினால் குறிகள் எல்லாம் சரியாக இருந்தாலும் கதை நகராது.

ஒரே ஆள் பத்தி பத்தியாகப் பேசினால் பலருக்கும் தெரியாத விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறக்கும் குறி போடுவீர்கள், ஆனால் மூடும் குறி கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும். நடுவில் மூடாமல் விட்டிருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு. “இவர் இன்னும் பேசி முடிக்கவில்லை” என்பதுதான் அந்தத் திறந்த கதவின் அர்த்தம். இந்த வழக்கத்துக்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. கிரேக்கக் கையெழுத்துப் படிகளில், கவனிக்க வேண்டிய வரிகளுக்குப் பக்கத்தில் ஓரத்தில் அம்புமுனை போல ஒரு கோடு போட்டுவைப்பார்கள், அதற்கு டிப்ளே என்று பெயர். 16ஆம் நூற்றாண்டு அச்சகங்களில் அது வரியோரக் காற்புள்ளிகளாக மாறி, 18ஆம் நூற்றாண்டில் நாவல்கள் பெருகியபோது திறந்து மூடும் ஜோடியாக நிலைத்தது.

ஐந்தாவது படி: பிறர் எழுத்திலிருந்து எடுக்கும்போது

விதி சுலபமானது, கடைப்பிடிப்பதுதான் கடினம். குறிக்குள் இருப்பது ஓர் எழுத்துகூட மாறக்கூடாது.

நமக்கெல்லாம் மனப்பாடமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1966இல் முதலில் வரைந்த சிங்கப்பூரின் தேசியப் பற்றுறுதியில் (தேசிய உறுதிமொழி) “ரிகார்ட்லெஸ் ஆஃப் ரேஸ், லாங்குவேஜ் ஆர் ரிலிஜன்” என்று வருகிறது. அதில் லாங்குவேஜ் என்பதற்குப் பின் காற்புள்ளி இல்லை. பட்டியலின் கடைசி “ஆர்” முன்னால் காற்புள்ளி வைப்பது சிலருக்குப் பழக்கம், சில நிறுவனங்களின் நடைக் கையேடும் அப்படிச் சொல்லும். ஆனால் மேற்கோளுக்குள் மூலத்தில் இல்லாத காற்புள்ளியை நாம் வைக்க முடியாது. பற்றுறுதியைத் தினமும் காலையில் சொல்லி வளர்ந்தவர்களே எழுதும்போது இதில் கோட்டைவிடுகிறார்கள்.

இப்படி ஒரு துண்டை மட்டும் உங்கள் வாக்கியத்துக்குள் பொருத்தும்போது முன்னால் காற்புள்ளி வேண்டாம், பெரிய எழுத்தும் வேண்டாம்: தி ரிப்போர்ட் செட் தட் தி ஃப்ளோர் வாஸ் “வெட் அண்ட் ஆய்லி”. கவனித்தீர்களா, இங்கே தட்டும் குறியும் சேர்ந்து வந்திருக்கின்றன. முதல் படியில் கூடாது என்றேனே என்று கேட்பீர்கள். அங்கே சிக்கல் “ஐ” என்ற சொல்லால் வந்தது. துண்டுக்குள் நான், நீ எதுவும் இல்லை, வாக்கியத்தின் இலக்கணம் அறுபடவும் இல்லை, அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

நடுவில் கொஞ்சம் விட்டுவிட வேண்டுமானால் மூன்று புள்ளி. விட்டதால் பொருள் மாறக்கூடாது, “நாட்” என்ற சொல்லை விட்டுவிட்டு மூன்று புள்ளி வைப்பது மோசடி. தெளிவுக்காக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுமானால் சதுர அடைப்பு: “ஹி [மணி] வாஸ் ஆன் தி லேடர்.” வட்ட அடைப்பு போட்டால் பேசியவரே சொன்னதாக ஆகிவிடும். மூலத்திலேயே பிழை இருந்தால் சதுர அடைப்புக்குள் சிக் என்ற லத்தீன் சொல்லைப் போடுவார்கள், அதாவது பிழை என்னுடையது இல்லை, அங்கேயே அப்படித்தான் இருக்கிறது என்று அர்த்தம். தொழிலாளி கைப்பட எழுதிய வாக்குமூலத்தில் அதைப் போடுவது எனக்குப் பிடிக்காது. படித்தவன் என்ற மிதப்பு அதில் தெரியும். தேவை என்றால் அயற்கூற்றாக மாற்றிவிடுகிறேன்.

இதோடு ஒட்டிய கேள்வி: அவர் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதிக் குறிக்குள் வைக்கலாமா? கதையில் தாராளமாக வைக்கலாம், செய்தித்தாள்களும் வைக்கின்றன. ஆனால் நாளைக்கு விசாரணையில் எடுத்துப் படிக்கப்போகிற அறிக்கை என்றால், “அவர் தமிழில் சொன்னார், இது என் மொழிபெயர்ப்பு” என்று ஒரு வரி சேருங்கள். மணி சொன்ன “பார்க்கல” என்பது செக் பண்ணவில்லையா, கண்ணில் படவில்லையா? இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல், இரண்டுக்கும் பொறுப்பும் வேறு. சந்தேகம் இருக்கும் ஒரு சொல்லை அவர் சொன்ன தமிழிலேயே வைத்து, பக்கத்தில் விளக்கிவிடுவது இன்னும் நல்லது. இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

சிங்கிலீஷ், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்துக்கும் இதுவே. மேலாளர் “யூ நெவர் செக் ஆ?” என்றால் குறிக்குள் அதுதான் வரும். அதைத் திருத்தி “டிட் யூ நாட் செக்?” என்று அழகுபடுத்திக் குறி போட்டால் அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகும். திருத்த ஆசை என்றால் குறியைக் கழற்றிவிட்டுத் திருத்துங்கள்.

நீண்ட மேற்கோளைக் குறியே இல்லாமல் தனிப் பத்தியாக உள்ளே தள்ளி எழுத வேண்டும். எத்தனை நீளம் என்பது ஆய்வு எழுத்துக்கான நடைக் கையேட்டுக்குக் கையேடு மாறும்: ஏபிஏ முறையில் 40 சொல் அல்லது அதற்கு மேல், எம்எல்ஏ முறையில் (சட்டமன்ற உறுப்பினர் இல்லை, இது வேறு) உரைநடை என்றால் நான்கு வரிக்கு மேல், சிகாகோ முறையில் 100 சொல் அளவில். உள்ளே தள்ளியதே மேற்கோள் என்று காட்டிவிடுவதால் குறியும் போட்டால் இரட்டை வேலை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள், குறி போட்டால் மட்டும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாத மேற்கோளும் களவுதான்.

ஆறாவது படி: தலைப்புகள்

இது சின்ன விஷயம். முழுப் படைப்பு, அதாவது புத்தகம், செய்தித்தாள், திரைப்படம் போன்றவற்றின் பெயர் சாய்வெழுத்தில். அதற்குள் இருக்கும் துண்டு, அதாவது கட்டுரை, அத்தியாயம், கவிதை, பாட்டு ஆகியவை மேற்கோள் குறியில். தமிழ் முரசு என்ற பெயர் சாய்வாக, அதில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பு குறிக்குள். கையால் எழுதும்போது சாய்வெழுத்துக்குப் பதில் அடிக்கோடு. தமிழில் நாம் எல்லாவற்றையும் குறிக்குள் போட்டுப் பழகியிருக்கிறோம், சீனர்களுக்குப் புத்தகப் பெயருக்கென்றே 《 》 என்று தனிக் குறி இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஏழாவது படி: போடக்கூடாத இடம்

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒரு மீன் கடையில் “ஃப்ரெஷ்” ஃபிஷ் என்று எழுதியிருந்தார்கள், ஃப்ரெஷ் என்பதைச் சுற்றி இரண்டு பக்கமும் அழகாகக் குறி. அழுத்திச் சொல்லத்தான் போட்டிருப்பார் பாவம். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் காரணமில்லாமல் குறிக்குள் வைத்தால், “ஃப்ரெஷ்ஷாம்! நம்பிட்டோம்” என்று உதட்டைச் சுழிக்கிற தொனி வந்துவிடும். நமது “ஆம்” விகுதி செய்யும் வேலையை அங்கே குறி செய்கிறது. வருகிறாராம், படித்தவராம், நல்லவராம் என்று நாம் இழுப்போமே, அதுதான். எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் யாரோ ஒட்டிய தாளில் ப்ளீஸ் “டோன்ட்” லிட்டர் என்று இருந்தது, குப்பை போடு என்று கண்ணடிப்பதைப் போல. அலுவலகத்தில் ஒருவர் விடைபெறும்போது கொடுத்த அட்டையில் ஃப்ரம் யுவர் “ஃப்ரெண்ட்ஸ்” என்று பார்த்திருக்கிறேன். வாங்கியவர் என்ன நினைத்தாரோ.

அழுத்தம் வேண்டுமா, தடித்த எழுத்து இருக்கிறது, அடிக்கோடு இருக்கிறது. கிண்டல்தான் நோக்கம் என்றால் குறி போடுங்கள், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். “சோ கால்ட்” என்று எழுதிவிட்டால் அதிலேயே கிண்டல் வந்துவிட்டது, மேலே குறியும் எதற்கு?

ஒரு சொல்லைச் சொல்லாகவே பேசும்போது குறி போடலாம்: தி வேர்ட் “அட்வைஸ்” ஹாஸ் நோ ப்ளூரல். உள்ளூர்ச் சொற்களைப் பற்றி என் கருத்து, கோப்பி, மாமாக், லா போன்றவற்றை இங்கே இருப்பவர்களுக்கு எழுதும்போது குறிக்குள் அடைக்க வேண்டாம். ஷியோக் (அருமை), ஆங் மோ (வெள்ளைக்காரர்) எல்லாம் 2016இல் ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டன, நாம்தான் இன்னும் கையுறை போட்டுக்கொண்டு அவற்றைத் தொடுகிறோம்.

எட்டாவது படி: விசைப்பலகை

வளைந்த குறிகளுக்குத் திறப்பும் மூடலும் தனித்தனி, விசைப்பலகையில் இருப்பதோ தட்டச்சு இயந்திரக் காலத்திலிருந்து இடத்தை மிச்சம் பிடிக்க வந்த ஒரே நேர்க்குறி. வோர்ட் அதைத் தானாக வளைத்துவிடும். வளைக்காத இடங்களில், விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் பலகையில் 0147 அடித்தால் திறக்கும் இரட்டை, 0148 மூடும் இரட்டை, 0145 திறக்கும் ஒற்றை, 0146 மூடும் ஒற்றை. மேக் கணினியில் ஆப்ஷன் விசையோடு திறக்கும் சதுர அடைப்பு விசையை அழுத்தினால் திறக்கும் இரட்டை, ஷிஃப்டையும் சேர்த்தால் மூடும் இரட்டை. பக்கத்து விசையில் இதே மாதிரி ஒற்றை. கைப்பேசியில் குறி விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் எல்லா வடிவமும் மேலே வரிசையாக வரும்.

வோர்ட் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 1990 என்ற ஆண்டைச் சுருக்கி ’90 என்று எழுதும்போது அங்கே வர வேண்டியது மேற்கொம்பு, அதாவது மூடும் ஒற்றையின் வடிவம். சொல்லின் தொடக்கம் என்று நினைத்து வோர்ட் திறக்கும் ஒற்றையைப் போட்டுவிடும். கொம்பை இரண்டு முறை அடித்துவிட்டு முதலாவதை அழித்துவிடுங்கள், மிஞ்சுவது சரியாக இருக்கும்.

எக்செல் சூத்திரங்களுக்கு இதற்கு நேர்மாறு, அங்கே நேர்க்குறிதான் வேண்டும். வாட்ஸ்அப்பிலோ வோர்டிலோ யாரோ அனுப்பிய சூத்திரத்தை வெட்டி ஒட்டிவிட்டு, பிழை வருகிறதே என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம், வளைந்த குறியை அழித்து நேர்க்குறியைத் தட்டினால் வேலை செய்யும்.

கடைசியாக நான் சரிபார்க்கும் விதம். வாக்கியங்களைப் படிக்காமல், திறக்கும் குறிகளை மட்டும் எண்ணுவேன், பிறகு மூடும் குறிகளை எண்ணுவேன். பல பத்திப் பேச்சு இல்லாத அறிக்கையில் இரண்டு எண்ணும் சமமாக இருக்க வேண்டும். பிறகு “தட்” என்று தேடி, அதற்குப் பக்கத்தில் எங்கேயாவது குறியோ “ஐ” என்ற சொல்லோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பேன். போன வாரம் ஒரு புதுப் பையன் எழுதிய அறிக்கையில் அப்படி மூன்று கிடைத்தன, மூன்றிலும் அந்த “ஐ” கிரேன் ஓட்டுநர்.